காரைக்குடி எண்ணெய் டின்னிலிருந்து சுமத்ரா காடு வரை: ஆய்வேட்டுக்கு எங்கே எல்லை போடுவது?

கானாடுகாத்தான்_நிலா

முனைவர் பட்ட ஆய்வு முன்மொழிவை அடுத்த மாதம் தர வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் வட்டாரத்தில் முறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை போட்டு விற்கும் 60 கடைகளை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் வாங்கும் பாமாயில் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று பின்னோக்கிப் பிடித்து, அந்தத் தோட்டத்தில் 2001க்குப் பிறகு எவ்வளவு காடு போனது என்று செயற்கைக்கோள் படத்தில் அளப்பதுதான் திட்டம்.

கேட்க வேண்டியவை மூன்று. தோட்டம் வரை போக முடியுமா? எந்தக் காட்டு வரைபடத்தை நம்பலாம்? கடைசியில் "ஒரு டின்னுக்கு இவ்வளவு காடு" என்று ஓர் எண் சொல்ல முடியுமா?

மண்டிக்கணக்கு

தோட்டம் வரைக்கும் போக முடியாதும்மா. முதல் கண்ணி கடைத்தெருவிலேயே அறுகிறது, அதை முதலில் பாருங்கள்.

15 கிலோ டின்னைக் கையில் எடுத்துப் பக்கவாட்டைப் படியுங்கள். எண்ணெயின் பெயர், நிகர எடை, பேட்ச் எண், அடைத்த நாள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், அடைத்தவர் முகவரி. அந்த உரிமம் டின்னில் அடைத்தவருடையது. எண்ணெயைச் சுத்திகரித்தது வேறு ஊர் ஆலையாக இருக்கலாம். அங்கிருந்து டேங்கர் லாரியில் வாங்கி இங்கே அடைப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே இடம் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் சங்கிலி முதல் படியிலேயே பொய்யாகும். ஆகவே "அடைத்தவர்", "சுத்திகரித்தவர்" என்று இரண்டு தனிப் பத்திகள் வையுங்கள். இரண்டாவது தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

பில்லிலும் ஒரு சிக்கல். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வியாபாரி ஜிஎஸ்டி பில்லில் 4 இலக்கச் சரக்குக் குறியீடு போட்டால் போதும். 1511 என்று மட்டும் இருக்கும். அது பாமாயில் என்று சொல்லும். கச்சாவா, சுத்திகரித்ததா, பாமோலினா (பாமாயிலிலிருந்து பிரித்த திரவப் பகுதி) என்று சொல்லாது. சில கடைகள் டின் வாங்காமல் லூஸில் கேன் பிடித்து வருவார்கள், அவர்களுக்கு லேபிளே கிடையாது. 60 கடையில் எத்தனை கடைக்கு எந்தப் படி வரை தெரிந்தது என்பதை ஒரு முடிவாகவே அட்டவணையில் போடுங்கள். தெரியாதது எவ்வளவு என்று அளப்பதும் ஆய்வுதான்.

துறைமுகம்

மண்டி அண்ணன் சொன்னது சரி. அடுத்த உடைப்பு கரைத் தொட்டியில்.

இந்தோனேசியாவின் டுமாய், பெலாவான், மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகங்களில் ஏறும் எண்ணெய், பல ஆலைச் சரக்கு கலந்த பிறகுதான் கப்பல் ஏறுகிறது. இங்கே இறங்கும்போது மறுபடி கரைத் தொட்டியில் முந்தைய சரக்கோடு கலக்கிறது. அதற்குப் பிறகு ஒரு டின்னுக்கு ஒரு தோட்டம் என்று பேசுவதற்குப் பொருளே இல்லை. கண்மாய்த் தண்ணீரில் ஒரு குடம் மொண்டு, இது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று கேட்பது போலத்தான். எந்த வாய்க்காலிலிருந்து எத்தனை பங்கு வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அந்தப் பங்கைக் கணக்கிட வணிக அமைச்சகத்தின் 8 இலக்கக் குறியீட்டு இறக்குமதித் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 15111000 கச்சா பாமாயில், 15119020 சுத்திகரித்த பாமோலின். இரண்டையும் சேர்த்தே எடுங்கள். வரி மாறும்போது சரக்கு ஒரு குறியீட்டிலிருந்து மற்றதற்குத் தாவும். 2025 மே இறுதியில் கச்சாவுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆனது, சுத்திகரித்ததற்கு 32.5 அப்படியே நின்றது. ஒரு குறியீட்டை மட்டும் பார்த்தால் ஏதோ பெரிய மாற்றம் நடந்தது போலத் தெரியும். மாறியது சுத்திகரிப்பு நடக்கும் நாடு மட்டும். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. அந்த மாதங்களைச் சராசரியில் கலக்காதீர்கள்.

'நாடு' என்ற பத்தியையும் அப்படியே நம்பக் கூடாது. நேபாளத்திலிருந்து பாமாயில் வந்ததாகப் பதிவு இருக்கும். அங்கே எண்ணெய்ப்பனை விளைவதில்லை. தெற்காசிய வரிச்சலுகைக்காக அங்கே சுத்திகரித்து வருவது அது. மூல நாட்டுக்குத் திருப்பிக் கணக்கிட வேண்டும்.

சட்ட எச்சரிக்கை ஒன்று. இறக்குமதியாளர் பெயரோடு கப்பல்வாரித் தரவு விற்கும் தளங்கள் உண்டு. சுங்கச் சட்டத்தில் 2022இல் சேர்த்த 135ஏஏ பிரிவின்படி, சுங்கத்துக்குத் தாக்கலான சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு விவரங்களைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த அட்டவணையைப் போடுவதும் வெளியீடுதான். வழிகாட்டியிடமும் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகரிடமும் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

வான்வழி

இரண்டு பேரும் கதவை அடைத்துவிட்டார்கள், திறந்திருக்கும் ஒரு கதவைச் சொல்கிறேன். பிடிக்க வேண்டிய இடம் தோட்டம் அல்ல, பழம் ஆட்டும் ஆலை.

பனைக்குலை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆட்டுவது நல்லது. நாள் தள்ளினால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் விழும். அதனால் குலை வெகுதூரம் போகாது. ஆலையைச் சுற்றி 50 கி.மீ. என்று ஆய்வுகளில் எடுப்பது வழக்கம். ஆலைகளின் அமைவிடத்தோடு உலக ஆலைப் பட்டியல் பொதுவில் இருக்கிறது, ஒவ்வோர் ஆலைக்கும் தனி எண் உண்டு. பெரிய சுத்திகரிப்பு நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் ஆலைகளின் பெயரை வெளியிடுகின்றன. சுத்திகரித்தவர் யார் என்று தெரிந்தால் அவருடைய ஆலைகளின் தொகுப்பு தெரியும். அதுவே நேர்மையாகப் போகக்கூடிய கடைசிப் படி.

50 கி.மீ. என்பதை லேசாக எடுக்காதீர்கள். காரைக்குடியில் காம்பஸ் முள்ளைக் குத்தி வட்டம் போட்டால் புதுக்கோட்டை, சிவகங்கை, தொண்டி மூன்றும் உள்ளே விழும். பரப்பு 7,854 சதுர கி.மீ., சிவகங்கை மாவட்டத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுமத்ராவின் ரியாவ் மாகாணத்தில் அப்படி ஒரு வட்டத்துக்குள் பல ஆலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். வட்டத்துக்குப் பதில் சாலைவழித் தூரத்தை எடுத்து, ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அருகிலுள்ள ஆலைகளுக்குத் திறன் விகிதப்படி பகிர வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தோட்டம் வட்டத்தில் 10 கி.மீ., லாரிக்கு 70 கி.மீ.

இப்போது வரைபடம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 30 மீட்டர் மர இழப்பு வரைபடத்தைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். அதற்கு 'மரம்' என்றால் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எதுவும். வளர்ந்த எண்ணெய்ப்பனையும் மரம், ரப்பரும் மரம். 25 ஆண்டு ஆன பனையை வெட்டி மறுநடவு செய்தால் வரைபடத்தில் 'இழப்பு' என்று சிவப்பு விழும். அங்கே காடு போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஆகவே 2001ஆம் ஆண்டின் முதன்மைக் காட்டு (வெட்டுப்படாத பழங்காட்டு) அடுக்கை முகமூடியாகப் போட்டு, அதற்குள் விழும் இழப்பை மட்டும் எண்ணுங்கள். ஐரோப்பிய கூட்டு ஆய்வு மையத்தின் வெப்பமண்டல ஈரக்காட்டு வரைபடம் 1990 முதல் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களைக் கண்ணால் பாருங்கள். இன்னொன்று, 2001 முதல் இன்று வரை ஒரே கோடாக வரைந்து "இழப்பு ஏறுகிறது" என்று எழுதாதீர்கள். இடையில் கணிப்பு முறையும் செயற்கைக்கோளும் மாறியிருக்கின்றன. ஏற்றத்தில் ஒரு பகுதி கருவியின் கண் கூர்மையானது.

கானாடுகாத்தான்_நிலா

நன்றி அண்ணே. ஆலைப் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். சுமத்ராவின் ஜம்பி மாகாணத்து ஆலை ஒன்று மலேசியாவில் போய் விழுகிறது. பட்டியல் தவறா?

வான்வழி

பட்டியல் சரியாகவே இருக்கும், கழித்தல் குறியைத் தொலைத்திருப்பீர்கள். ஜம்பி பூமத்திய ரேகைக்குத் தெற்கே, அட்சம் −1.6, தீர்க்கம் 103.6. குறி போனால் 1.6, 103.6. அது ஜொகூரில் கூலாய் பக்கம். அங்கேயும் பனைத்தோட்டம் இருப்பதால் படத்தைப் பார்த்தாலும் தவறு தெரியாது, அதுதான் ஆபத்து. ஒவ்வொரு புள்ளியும் தனக்குரிய மாகாண எல்லைக்குள் விழுகிறதா என்று நிரலிலேயே ஒரு சோதனை வைத்துவிடுங்கள்.

பரப்பு அளவிலும் ஒரு பாடம் இருக்கிறது. சிவப்பு பிக்சலை எண்ணி 0.09 எக்டேரால் பெருக்கினால் கிடைப்பது வரைபடத்தின் பரப்பு, காட்டின் பரப்பல்ல. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வரைபடம் 1,000 எக்டேர் இழப்பு, 99,000 எக்டேர் இழப்பில்லை என்கிறது. இழப்புப் பகுதியில் 100 புள்ளி சோதிக்கிறீர்கள், 80 உண்மை. இழப்பில்லாத பகுதியில் 400 புள்ளி, அதில் 4 இடத்தில் காடு போயிருக்கிறது. மதிப்பீடு: 800 + 990 = 1,790 எக்டேர். வரைபடம் சொன்னதைவிட முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். 95 விழுக்காட்டு எல்லை போட்டால் ஏறத்தாழ ±970. இவ்வளவு அகலம் அந்த நாலே நாலு புள்ளியால் வந்தது. பரிகாரம்: இழப்புத் திட்டுகளைச் சுற்றி 2, 3 பிக்சல் அகலத்துக்கு ஒரு விளிம்பு அடுக்கு பிரித்து, அங்கே புள்ளிகளை அதிகமாக வையுங்கள். தவறவிட்ட இழப்பு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் ஒளிந்திருக்கும்.

ஆச்சி_பலகாரம்

எல்லாரும் சுமத்ராவுக்குப் போய்விட்டீர்கள், சட்டியை யார் அளப்பது? கடைக்காரரிடம் "மாதம் எத்தனை டின்" என்று கேட்டு எழுதினால் போதாது நிலா. ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு, தை மாசியில் கல்யாணச் சீர்ப் பலகாரம், ஆனியில் வேறு கணக்கு. மூன்று பருவத்திலாவது ஒவ்வொரு கடையிலும் இரண்டு நாள் உட்கார்ந்து அளக்க வேண்டும்.

அளவு எல்லாம் கிலோவில். லிட்டர் வேண்டாம், எண்ணெய் சூட்டில் விரியும், 15 கிலோ டின்னே குளிர்ந்த நிலையில் சுமார் 16.5 லிட்டர். காலையில் சட்டியில் ஊற்றியது, இடையில் விட்டது, இரண்டையும் கூட்டுங்கள். மாலை ஆறிய பிறகு மீந்தது, வடிதட்டில் சொட்டியது, அடியில் தங்கிய மண்டி மூன்றையும் கழியுங்கள். மிச்சம் பலகாரத்துக்குள் போனது. அதை மாவு எடையால் வகுத்து, ஒரு கிலோ மாவுக்கு இத்தனை கிராம் எண்ணெய் என்று எழுதுங்கள். தேன்குழலுக்கும் சீடைக்கும் தனித்தனியாக. மீந்த எண்ணெயோடு மறுநாள் புதியது சேரும், ஆகவே டின் உடைத்த தேதியும் முறுக்கு சுட்ட தேதியும் ஒட்டாது. வாரக் கணக்குதான் சரிவரும்.

கடலை எண்ணெய் என்று சொல்லும் சட்டியில் பாமோலின் கலந்திருக்கலாம். சில வேளை கடைக்காரருக்கே தெரியாது, வாங்கும்போதே கலப்பு. கொழுப்பு அமிலப் பரிசோதனை வைத்தால் பால்மிட்டிக் அமிலத்தில் பிடிபடும். பாமோலினில் அது 40 விழுக்காடு அளவில், கடலை எண்ணெயில் 11 அளவில். மாதிரியில் 25 வந்தால் (25−11)/(40−11), கிட்டத்தட்ட 48 விழுக்காடு பாமோலின். ஆனால் தவிட்டெண்ணெயும் பருத்திவிதை எண்ணெயும் இந்தக் கணக்கைக் கெடுக்கும், இரண்டிலும் பால்மிட்டிக் நடுவாந்தரமாக இருக்கும். லினோலிக் அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பருத்திவிதை பிரியும். சட்டி எண்ணெயோடு டின் எண்ணெயையும் எடுங்கள். சூட்டில் லினோலிக் குறைந்து பால்மிட்டிக் விகிதம் கூடியதுபோல் காட்டும்.

மண்டிக்கணக்கு

ஆச்சி சொன்னது பொன்னான பேச்சு. சட்டியிலிருந்து நிலத்துக்கு நான் போட்டுக் காட்டுகிறேன்.

15 கிலோ பாமோலின். சுத்திகரிப்பில் 100க்கு 95 நிற்கிறது என்று வையுங்கள்: 15.8 கிலோ கச்சா எண்ணெய். குலையில் எண்ணெய் 21 விழுக்காடு: 75 கிலோ குலை. எக்டேருக்கு ஆண்டில் 3.5 டன் கச்சா எண்ணெய் என்றால் ஒரு டின்னுக்கு 45 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்டுக்குச் சற்று மேல், ஓராண்டுக்கு.

பாமோலினைப் பிரிக்கும்போது கெட்டிக் கொழுப்பான ஸ்டியரினும் வரும். 100க்கு 78தான் பாமோலின் என்று அதையும் வகுத்தால் கச்சா 20.2 கிலோ, குலை 96 கிலோ ஆகிவிடும். அப்படிச் செய்தால் சோப்புக்கும் வனஸ்பதிக்கும் போன ஸ்டியரினின் சுமையையும் முறுக்கின் தலையில் கட்டியதாகும். எடைப்படி பகிர்ந்தால் 75. விலைப்படி பகிர்ந்தால் வேறு எண். எதைச் செய்தாலும் முதலிலேயே சொல்லிவிட்டு, மற்றதையும் அடியில் காட்டுங்கள்.

வான்வழி

அண்ணே, அந்த ஒரு சென்ட் நிலப் பயன்பாடு. அதைக் காடழிப்பு என்று யாராவது மேற்கோள் காட்டிவிடுவார்கள். அந்த நிலம் 40 ஆண்டுக்கு முன்பே தோட்டமாக இருந்திருக்கலாம்.

காடழிப்புப் பங்கு வேறு கணக்கு. ஆலையின் வளையத்துக்குள், முதன்மைக் காடாக இருந்து, அழிந்தபின் ஒரு வரம்புக்குள் பனையாக மாறிய பரப்பை மட்டும் எடுக்க வேண்டும். எரிந்தபின் பல ஆண்டு தரிசாகக் கிடந்து பிறகு பனை வந்த நிலமும் உண்டு, அதனால் வரம்பை 3, 5, 10 ஆண்டு என்று மாற்றிப் பார்க்க வேண்டும். நட்டு 3 ஆண்டு கழித்தே குலை. அழிந்த பரப்பை எத்தனை ஆண்டு விளைச்சலின் மேல் பரப்புகிறீர்கள் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. 5 ஆண்டு எடுத்தால் புதுத் தோட்டத்தின் மேல் கடும் சுமை, 20 எடுத்தால் காடழிப்பே கரைந்துபோகும். ஒரே எண் சொல்லாதீர்கள், வீச்சு சொல்லுங்கள்.

சிறு விவசாயிகளை மறக்க வேண்டாம். இந்தோனேசியப் பனைப் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவர்களிடம். அவர்கள் குலை தெங்குலாக் எனப்படும் இடைத்தரகர் வழியாக ஆலைக்குப் போகிறது. ரியாவ் மாகாணத்தில் 2004இல் அறிவித்த தெஸ்ஸோ நிலோ தேசியப் பூங்காவுக்குள்ளேயே பெரும்பரப்பில் பனை நட்டிருக்கிறார்கள். அந்தக் குலை லாரி மாறி வெளித்தோட்டத்துக் குலையோடு கலந்தபின் ஆலை வாசலில் யாராலும் பிரிக்க முடியாது. நிறுவனத் தோட்ட எல்லைகளை மட்டும் வைத்து அளந்தால் இந்தப் பங்கு முழுக்க விட்டுப்போகும்.

பேரேடு

செட்டிநாட்டில் உட்கார்ந்து இந்த ஆய்வைச் செய்யும்போது பர்மா இல்லாமல் எழுதுவது குறை என்றே நினைக்கிறேன். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனதும் ஐராவதி டெல்டாவின் கனசோ மரக்காடுகளையும் புல்வெளிகளையும் வெட்டி நெல் வயலாக்கினார்கள். 1930களில் கீழ்ப்பர்மா நெற்பரப்பு 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அதற்கான கடனில் பெரும்பங்கு நம் ஊர் வட்டிக்கடைகளுடையது. விலை சரிந்தபின் அடமானம் மூழ்கி, 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25 விழுக்காடு. தூர தேசத்து விளைபொருள், தூர தேசத்து முதல், அழிந்த காடு: இந்த அமைப்பு புதிதல்ல.

அந்த வட்டிக்கடைப் பேரேடுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. படிக்கும்போது எண்ணில் கவனம். ௲௨௱௫௰ என்றால் 1,250. இடமதிப்பில் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். பின்னத்தில் அரைக்கால் 1/8, மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. கடைகள் விலாச எழுத்தால், அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளால் குறிக்கப்படும். ஒரே விலாசம் பங்காளி பிரிந்தபின் இரண்டு கடைக்குச் செல்வதுண்டு. நெல் கூடை 46 பவுண்டு.

துறைமுகம்

ஐயா, மறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அது தனி ஆய்வேடு. பேரேட்டில் இருப்பது கடன் கொடுத்த தேதி, காடு வெட்டிய தேதி அல்ல. வெட்டிய வயலை இன்னொருவரிடமிருந்து வாங்கவும் கடன் வாங்கியிருப்பார்கள். செயற்கைக்கோளுக்குப் பதில் அங்கே குவின் (பர்மிய நில அளவைப் பிரிவு) வாரியான நிலவரித் திட்ட அறிக்கைகளைத் தோண்ட வேண்டும். நிலாவுக்கு உதவித்தொகை இருக்கும் காலத்துக்குள் இரண்டும் முடியாது.

பேரேடு

காலக்கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பின்னணி இயலாவது இருக்கட்டும். கடன் யார் கொடுத்தார் என்ற கேள்வியை இன்றைய பனைத்தோட்டத்துக்கும் கேட்கலாம் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

கானாடுகாத்தான்_நிலா

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி பின்னணி இயல் ஒன்று வைக்கிறேன். கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "செட்டிநாட்டுப் பலகாரத் தொழிலின் பாமாயில் எந்தப் படி வரை அடையாளம் காணத்தக்கது, அடையாளம் கண்ட சுத்திகரிப்பாளர்களின் ஆலைத் தொகுப்பில் 2001 முதல் நடந்த காடழிப்பின் பங்கு எந்த வீச்சில் வருகிறது?" ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புக்கு எதிரான 2023/1115 சட்டத்தில் உள்ள 2020 டிசம்பர் 31 வெட்டு நாளையும் (அதற்குப் பிறகு காடழித்த நிலத்துச் சரக்கை அது ஏற்காது) தனியாகப் பிரித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். பாமாயிலை விட்டுக் கடலை எண்ணெய்க்கு மாறச் சொல்லும் பரிந்துரையோடு முடிக்கலாமா?

மண்டிக்கணக்கு

கேள்வி இப்போது நிற்கும். பரிந்துரையை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். கடலை எக்டேருக்கு 2,500 கிலோ காய், 70 விழுக்காடு பருப்பு, பருப்பில் 42 விழுக்காடு எண்ணெய் என்று போட்டால் 735 கிலோ. பனைக்கு 3,500. அதே எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு நிலம். அந்த நிலம் எங்கே இருக்கிறது, அதில் இப்போது என்ன விளைகிறது என்று சொல்லாமல் மாறச் சொல்ல முடியாது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்கும் வீடுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம்

வெட்டு நாள் பிரிப்பு நல்லது, ஆனால் அந்தச் சட்டம் இங்கே விற்கும் முறுக்கைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி எழுதுங்கள். அது 4 எக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக்கோடு கேட்கிறது, சின்ன நிலத்துக்கு ஒரு புள்ளி போதும். ஆர்எஸ்பிஓ (நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பு) சான்று கண்டால் எந்த வகை என்று பாருங்கள். 'மாஸ் பேலன்ஸ்' என்றால் சான்றுள்ள எண்ணெயும் இல்லாததும் தொட்டியில் கலந்தேதான் வரும், கணக்கில் மட்டும் பிரியும். இந்தோனேசியாவில் களப்பணி உண்டென்றால் பிரின் (அந்நாட்டுத் தேசிய ஆய்வு முகமை) அனுமதிக்கு இப்போதே விண்ணப்பம் போடுங்கள்.

ஆச்சி_பலகாரம்

கடைப் பெயர் எங்கும் வரக் கூடாது. கடை 1, கடை 2 என்றுகூட ஊரோடு சேர்த்துப் போடாதே. பள்ளத்தூரில் மணகோலம் போடும் கடை என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். மாதிரி எண்ணெய்க்கு 100 மில்லி பழுப்புக் கண்ணாடிப் புட்டி, ஒரு கடைக்கு இரண்டு. வாய் வரை நிரப்பி மூடு, காற்று இருந்தால் கெடும். டின் உடைத்த நாள், அடைத்த நாள், பேட்ச் எண் மூன்றையும் அங்கேயே பென்சிலால் எழுதி ஒட்டு. எண்ணெய்க் கையில் பேனா மை நிற்காது.